பாலத்தைத் தாண்டி வடக்கே போ

பால்மோரா ஊரில் ஹாஸ்ஃபாட் ஆன்டபோலிஸ் என்றொரு ஆள். அவரிடம் தகவல் வேண்டுமென்றால் பதிலுக்கு ஒரு வேலை செய்து தரவேண்டும். ஆர்க்ங்தாண்ட் என்ற பாழடைந்த இடத்துக்குள் புகுந்து ஒரு புதிர்ப்பெட்டியை எடுத்து வரவேண்டும். வழி இதுதான்: ஊரின் தெற்கே வெளியேறி, பாலத்தில் ஓடாய் ஆற்றைக் கடந்து, கிழக்கே மூன்மாத் கோட்டைப் பக்கம் போகவேண்டும். அங்கே வடக்கே திரும்பினால், எரிமலைக் குழம்பு ஓடிக் காய்ந்த பள்ளத்தின் குறுக்கே பழங்காலப் பாலம் ஒன்று தெரியும். அதைத் தாண்டி, குழாயில் உள்ள கைப்பிடியைத் திருப்பினால் கதவு திறக்கும்.

2002-ல் பெதஸ்டா நிறுவனம் வெளியிட்ட 'மாரோவிண்ட்' கேம் முழுக்க இப்படித்தான். திரையில் வழிகாட்டும் அம்புக்குறி கிடையாது. சொன்ன வழி ஜர்னலில் பதிவாகும். பெட்டியோடு அச்சிட்ட மேப் ஒன்றும் வந்தது. மற்றபடி கண்ணை நம்பித்தான் நடக்கவேண்டும். சாம்பல் புயல் அடித்தால் பத்தடி தள்ளி இருப்பதும் தெரியாது. அதனாலேயே ஆறு, பலகை, பாறை எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து நடப்போம். இரண்டு முறை போய்வந்தால் கேம் நடக்கும் அந்தத் தீவு மனப்பாடம்.

அந்த ஜர்னல் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். தேதிவாரியாக எல்லாப் பணிகளையும் கலந்துகட்டி எழுதிக்கொண்டே போகும். பாதியில் விட்ட ஒரு வேலைக்குத் திரும்பினால், நூற்றுக்கணக்கான பக்கங்களைப் புரட்டித் தேடவேண்டும். அதே ஆண்டு வந்த 'டிரிபியூனல்' விரிவாக்கத்தில்தான் பணிவாரியாகப் பிரித்துப் பார்க்கும் வசதி கிடைத்தது. சில இடங்களில் சொன்ன திசையே தப்பு என்ற புகாரும் நியாயமானது. ஆனால் இவையெல்லாம் திருத்தக்கூடிய குறைகள்.

2006-ல் 'ஆப்லிவியன்' வந்தபோது அவற்றைத் திருத்துவதற்குப் பதிலாக அந்த முறையையே தூக்கிவிட்டார்கள். திரையின் அடியில் திசைகாட்டி, அதில் போகவேண்டிய இடத்துக்கு ஒரு மார்க்கர். கேம் பெரும்பாலும் எழுத்தாக இருந்த காலம் போய், எல்லாப் பாத்திரங்களும் குரலில் பேச ஆரம்பித்ததும் அப்போதுதான். எழுத்தில் இருக்கும் வழியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பதிவான குரல் அப்படியல்ல. குகையை நாலடி நகர்த்தினாலும் நடிகரைத் திரும்பக் கூப்பிட வேண்டும். மார்க்கர் இருக்கும்போது அந்தச் செலவு எதற்கு? வழிசொல்லும் வசனம் சுருங்கியது. 2011-ன் 'ஸ்கைரிம்' பல பணிகளில் ஒற்றை வரியோடு நின்றுவிடுகிறது: இன்ன குகைக்குப் போ, இன்ன பொருளைக் கொண்டுவா.

'பிடிக்கவில்லையென்றால் மார்க்கரை அணைத்துக்கொள்ள வேண்டியதுதானே' என்பவர்களுக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. ஸ்கைரிமில் அணைக்கலாம். அணைத்தபிறகு அந்தக் குகை மலைக்கு எந்தப் பக்கம், எந்தச் சாலையில் திரும்பவேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. வழியை எழுதியே வைக்காத கேமில் அம்பை அணைத்தால் மிஞ்சுவது இருட்டு.

மறுபக்கம், 2022-ன் 'எல்டன் ரிங்' பணிகளுக்கான ஜர்னலே இல்லாமல் வந்தது. உலகம் அற்புதம், ஆனால் சந்தித்த பாத்திரம் எங்கே நின்றது என்பதே மறந்துபோகும். அடுத்த மாதமே, பாத்திரங்களின் பெயரை மேப்பில் குறித்துக்காட்டும் வசதியைச் சேர்த்தார்கள். சேர்த்தது சரி என்பேன். எல்லோரும் தினமும் விளையாடுபவர்கள் அல்லர். வேலை, குழந்தை என்று ஒரு மாதம் விட்டுவிட்டு வருபவருக்கும் ஜர்னல் நினைவூட்ட வேண்டும்.

எழுதிய வழி, அம்புக்குறி இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியும் என்று காட்டியது, ஆச்சரியமாக, யூபிசாஃப்டின் 'அசாசின்ஸ் கிரீட் ஒடிசி' (2018). அதன் தேடல் முறையைத் தேர்ந்தெடுத்தால் மார்க்கர் வராது. எந்த நாட்டுப்பகுதி, அதில் எந்த வட்டாரம், எதற்கு எந்தத் திசையில் என்று குறிப்புகள் வரும். மேப்பை விரித்து நாமே இடத்தை ஊகித்து, பக்கத்தில் போனதும் கழுகைப் பறக்கவிட்டு உறுதிசெய்துகொள்ளலாம். அவசரக்காரருக்கு அம்பு உள்ள முறையும் அதே கேமில் உண்டு. அத்தனை பெரிய கிரேக்கத்துக்கு, அத்தனை பணிகளுக்கும், யாரோ உட்கார்ந்து குறிப்பு எழுதியிருக்கிறார்கள்.