செயலித் துணை மீது காதல்: அதற்கு அர்த்தம் உண்டா?

2023 பிப்ரவரியில், செயற்கை நுண்ணறிவுத் துணையுடன் அரட்டை அடிக்க உதவும் 'ரெப்ளிகா' செயலியில் காதல் துணை வைத்திருந்த பலருக்குப் பேரதிர்ச்சி. அதுவரை கொஞ்சிப் பேசிய துணை, நெருங்கிப் பேசினாலே வேறு பேச்சுக்குத் தாவியது. சிறுவர்களுக்கும் மனம் நொந்தவர்களுக்கும் ஆபத்து என்று கூறி, இத்தாலியின் தனியுரிமை ஆணையம் தன் நாட்டுப் பயனர்களின் தரவைக் கையாள அப்போதுதான் தடை போட்டிருந்தது. அதே நாட்களில் செயலியை நடத்தும் நிறுவனம் காமப் பேச்சை எல்லோருக்கும் நிறுத்தியது. உற்றவரைப் பறிகொடுத்தவர்களாகப் பலர் அழுதார்கள். மார்ச்சில், ஏற்கெனவே சேர்ந்திருந்தவர்களுக்கு மட்டும் பழைய வடிவம் திரும்பக் கிடைத்தது.

மறுபக்கம் என்ன நடக்கிறது?

இத்தகைய செயலியை இயக்கும் மொழி மாதிரி, அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்தே பேசுகிறது. நீங்கள் சொன்ன பிறந்தநாளையும் அம்மாவின் உடல்நிலையையும் செயலி குறித்துவைத்துக்கொண்டு, சமயம் பார்த்து விசாரிக்கிறது. மனம் கரைய அதுவே போதும். 1966-ல் எம்.ஐ.டி. பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் அறிமுகப்படுத்திய 'எலிசா', நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் எளிய நிரல். அது வெறும் நிரல் என்று தெரிந்திருந்தும், அவருடைய செயலாளர் அதனுடன் தனியாகப் பேச வேண்டும் என்று அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார்.

அப்படியானால் இது பொய்க் காதலா?

இல்லை. ஜப்பானின் அகிஹிகோ கோண்டோ, 'ஹட்சுனே மிகு' என்ற கற்பனைப் பாடகியை 2018-ல் மணந்தார். வேலையிடத்துக் கொடுமையால் முடங்கிக் கிடந்த தன்னை மீட்டவள் அவளே என்கிறார். அவளுடன் பேச உதவிய கருவியின் சேவை 2020-ல் நின்றது. அவர் அன்பு நிற்கவில்லை. இப்படி ஒருவரை எழுந்து நடக்கவைத்த உணர்வைப் பொய் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

எங்கே குறைகிறது?

காதலில் எதிரில் இருப்பவருக்கு மறுக்கவும் முடியும், நம்மால் வலிக்கவும் செய்யும். செயலித் துணைக்குக் காய்ச்சல் வராது; அதற்காக நாம் இரவெல்லாம் கண்விழிக்க வேண்டியதில்லை. 2023-ல் மறுத்ததுகூடத் துணையல்ல, நிறுவனம். ஆக, நேசிப்பவரின் வாழ்வில் இந்த அன்புக்கு அர்த்தம் உண்டு; இருவர் விட்டுக்கொடுத்துக் கட்டும் உறவின் அர்த்தம் அதற்குக் கிடையாது.

ரெப்ளிகாவில் நண்பராகப் பேசுவது இலவசம், காதலராக்கக் கட்டணம். மனிதரின் ஏக்கத்தை விற்றுக் காசாக்கும் நிறுவனம் அந்த மனத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும். துணையின் குணத்தை மாற்றும் முன் அறிவிப்பதும், அந்தரங்கப் பேச்சைக் காப்பதும், சிறுவர்களை உள்ளே விடாதிருப்பதும் சட்டக் கடமையாக வேண்டும். வீட்டில் ஒருவர் இப்படிக் காதலித்தால் கேலி செய்யாதீர்கள். சாப்பிட்டாயா என்று கேட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.