குளிசைப் பெட்டியும் கூட்டுக் கணக்கும்



கணக்காளனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். இதுவும் ஒரு கணக்குத்தான்.

அம்மாவின் கடைசி வருடத்தில் வைத்தியசாலை, குடும்ப வைத்தியர், வீட்டுக்கு வரும் தாதி என மூன்று இடங்களில் மூன்று கோப்புகள் இருந்தன. ஓரிடத்தில் நிறுத்திய குளிசை இன்னோரிடத்தில் தொடர்ந்தது. அதைக் கண்டுபிடித்தவர், குளிசைப் பெட்டியை நிரப்பிவந்த என் மனைவி.

இந்த இடைவெளியை நிரப்பவே 1999 முதல் 2001 வரை மொன்றியலில் 'சிபா' என்ற பரிசோதனைத் திட்டம் நடந்தது. நம்மவர் பலர் வாழும் கோட்-டே-நேஜ் சி.எல்.எஸ்.சி.யும் அதை நடத்திய இரு நிலையங்களில் ஒன்று. தளர்ந்த முதியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பாளர், அவரோடு ஒரு குழு, இரவிலும் அழைக்கக்கூடிய தாதி. இதுதான் ஏற்பாடு.

வரவுசெலவைப் பாருங்கள். ஆளொருவருக்கு வீட்டு, சமூகச் சேவைச் செலவு சராசரி 3,390 டொலரால் கூடியது. வைத்தியசாலை, பராமரிப்பு இல்லச் செலவு 3,770 டொலரால் குறைந்தது. மொத்தச் செலவில் சொல்லத்தக்க வேறுபாடில்லை. ஆனால் சிகிச்சை முடிந்தும் போக இடமின்றி வைத்தியசாலைக் கட்டிலில் காத்திருப்பது பாதியாகக் குறைந்தது.

பின்பு சட்டங்கள் வந்தன. 2004இல் கியூபெக்கின் சேவைகள் 95 உள்ளூர் நிலையங்களாக இணைக்கப்பட்டன. 2015இல் இன்னும் பெரிய இணைப்பு. மொன்றியல் தீவின் உள்ளூர் நிலையங்கள் ஐந்து நிறுவனங்களாக இணைந்தன. 2024 டிசம்பரில் 'சாந்தே கியூபெக்' பொறுப்பேற்றது.

இரண்டு கம்பனிகள் இணைந்தால் பேரேடுகளைச் சில வாரங்களில் ஒன்றாக்கிவிடலாம். இரு பக்கத்து ஊழியர்களும் ஒருவரையொருவர் நம்பிக் கேட்கப் பழகுவதற்கோ வருடங்கள் ஆகும். சுகாதாரத்திலும் அப்படித்தான். சட்டம் கட்டடங்களை இணைக்கும். தாதி வைத்தியரை அழைப்பதும், அவர் திருப்பி அழைப்பதும், வீட்டார் சொல்வதை இருவரும் குறித்துக்கொள்வதும் மனிதர் பழகிப் பழகி வருபவை.

அந்தப் பேரேட்டில் எங்களுக்கும் ஒரு பக்கம் உண்டு. "அம்மாவின் கோப்புக்குப் பொறுப்பானவர் யார்?" என்று கேட்டு, பெயரையும் இலக்கத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாக் குளிசைகளையும் ஒரே தாளில் எழுதி, போகுமிடமெல்லாம் காட்டுங்கள். மொழி தடையானால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையின் தலையில் அதைச் சுமத்தாதீர்கள். அவசரமில்லாத சந்தேகங்களுக்கு 811 இருக்கிறது.

அந்தத் தாள் எங்களிடம் முன்பே இருந்திருந்தால், அம்மா சில வாரங்களாவது தலைச்சுற்றின்றி இருந்திருப்பார்.