கருத்துப்போன எலுமிச்சை இலை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் எலுமிச்சை இலை கருத்துப்போனால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறார்கள்: "பேக்டரி புகை சார், நாம என்ன பண்ண முடியும்?" உருக்காலைகளும் ரோலிங் மில்களும் நிறைந்த ஊர். மாடியில் காயப்போட்ட துணியில் தூசி படிவதைப் பார்த்துப் பழகியவர்கள் அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. தூசி உண்மைதான். ஆனால், தோட்டக்கலைத் துறையில் இதே வட்டாரத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: நான் பார்த்த கருத்த மரங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இலையின் அடிப்பக்கத்தில்தான் இருந்தது.

கருத்த இலை ஒன்றை விரலால் தேய்த்துப் பாருங்கள். ஆலைத் தூசி என்றால் பொடியாக ஒட்டும்; தண்ணீர் பட்டால் போய்விடும். கரும்பூசணம் என்றால் இலை பிசுபிசுக்கும். நகத்தால் சுரண்டினால் மெல்லிய படலமாக உரியும், அதன் கீழே இலை பச்சையாகவே இருக்கும். இந்தப் பூசணம் இலையைத் தின்பதில்லை. அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, செதில் பூச்சி எல்லாம் இலைச்சாற்றை உறிஞ்சிவிட்டுக் கழிக்கும் இனிப்பு நீரில்தான் அது வளர்கிறது. வெளிச்சம் மறைவதால் மரம் சோர்ந்துபோகிறது. கிளையில் எறும்பு சாரையாக ஏறுகிறதா என்று பாருங்கள். அந்த இனிப்புக்காக எறும்புகள் இப்பூச்சிகளுக்குக் காவல் நிற்கும். அவற்றைத் தின்ன வரும் பொறிவண்டுகளை விரட்டியும் விடும்.

கவரைப்பேட்டையில் ஓர் அம்மா, "தெனம் ஓஸ் வச்சு அடிக்கிறேன் சார், கருப்பு போகவே மாட்டேங்குது" என்றார். இலையைத் திருப்பிக் காட்டினேன். வெள்ளை ஈயின் குஞ்சுகள் நரம்போரமாக அப்பிக் கிடந்தன. மெழுகுப் பொடி விரலில் ஒட்டியது. "இது எப்ப வந்துச்சு?" என்று அதிர்ந்துபோனார்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி வேப்பெண்ணெய், அது தண்ணீரோடு கலக்கக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நன்றாக நனையும்படி தெளிக்க வேண்டும். பத்து நாள் விட்டு மறுபடியும் தெளியுங்கள். பூச்சி ஒழிந்த பிறகு கருப்பை எடுக்க மைதாக் கஞ்சி போதும். லிட்டருக்கு 50 கிராம் மைதாவைக் காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டி, நல்ல வெயில் நாளில் தெளித்தால், காய்ந்து உதிரும்போது பூசணத்தையும் உரித்துக்கொண்டு வந்துவிடும். மதில்மேல் சாய்ந்திருக்கும் கிளைகளை வெட்டிவிட்டால் எறும்புக்குப் பாதி வழி அடைபடும்.

இளந்தளிர் சுருண்டால் உடனே "வைரஸ்" என்கிறார்கள். சுருளைப் பிரித்துப் பாருங்கள். நத்தை ஊர்ந்த தடம்போல வெள்ளிக்கோடு வளைந்து வளைந்து ஓடினால் அது இலைத் துளைப்பான் புழு. துளிர் விடும் பருவத்தில் வேப்பெண்ணெய்க் கரைசலே இதற்கும் போதும். முற்றிய இலையை இது தொடாது. ஆனால் இதை அலட்சியம் செய்யக் கூடாது. புழு துளைத்த காயம் வழியாகத்தான் சொறி நோய்ப் பாக்டீரியா எளிதாக உள்ளே நுழைகிறது. மஞ்சள் வளையத்துக்கு நடுவே சொரசொரப்பாக, தக்கைபோல் மேடிட்ட பழுப்புப் புள்ளிகள் வரும். பிறகு காயிலும் வரும். நம் ரயில் பாதையிலேயே வடக்கே இருக்கும் கூடூர்ப் பக்கத்து எலுமிச்சைத் தோப்புக்காரர்களுக்கும் இது பெரிய தலைவலி. புள்ளி விழுந்த இலையைத் திரும்பக் குணப்படுத்த முடியாது. வடகிழக்குப் பருவமழையின் சாரலும் காற்றும் நோயை மரமெங்கும் பரப்பும் என்பதால், மழைக்கு முன்பே நோய்கண்ட குச்சிகளை வெட்டி அப்புறப்படுத்திவிட்டு, லிட்டருக்கு 3 கிராம் காப்பர் ஆக்ஸி குளோரைடு கலந்து தெளிக்க வேண்டும்.

இலை மஞ்சளானால், எந்த இலை என்று முதலில் பாருங்கள். அடியில் உள்ள முதிர்ந்த இலை முழுக்க வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. மட்கிய எரு வையுங்கள். புது இலை சிறுத்து, நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் துத்தநாகக் குறைவு. லிட்டருக்கு 5 கிராம் ஜிங்க் சல்பேட்டோடு அதில் பாதி சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிய வைத்த நீரைச் சேர்த்து, மார்ச், ஜூலை, அக்டோபர் மாதங்களில் புதுத் துளிர் வந்ததும் தெளிக்கலாம். இலை நுனியும் ஓரமும் தீய்ந்திருந்தால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். மீஞ்சூர்ப் பகுதி நிலத்தடி நீரில் அரை நூற்றாண்டுக்கு முன்பே கடல்நீர் புகுந்துவிட்டது. எலுமிச்சையோ உப்பைத் தாங்காத மரம். வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது இப்போது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான், ஆனால் அதில் வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்திருக்கிறது. அந்தத் தண்ணீரை வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள், எலுமிச்சைக்கு வேண்டாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு மரத்தடியில் நாள்கணக்கில் தண்ணீர் நின்ற வீடுகளில் இலை வெளுத்து உதிர்ந்ததைப் பார்த்தேன். வேர் மூச்சுத் திணறினால் எந்த உரமும் ஏறாது. முதலில் வடிகால் வெட்டுங்கள்.

பறவை எச்சம்போலக் கிடக்கும் புழு எலுமிச்சைப் பட்டாம்பூச்சியுடையது. மரம் பெரிதாக இருந்தால் நாலு புழு தின்றுவிட்டுப் போகட்டும் என்பேன்; கன்றாக இருந்தால் கையால் பொறுக்கிவிடுங்கள். பக்கத்தில் உள்ள கறிவேப்பிலையையும் பாருங்கள். அதுவும் எலுமிச்சைக் குடும்பம்தான். அதே புழு அதிலும் இருக்கும்.

இலையைத் திருப்பிப் பார்த்தும் பிடிபடவில்லை என்றால், பாட்டிலை நீட்டும் மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள். புதிய இலை, பழைய இலை இரண்டிலும் சிலவற்றைக் காம்போடு பறித்து, உலர்ந்த காகிதத்தில் மடித்து, திரூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்கோ எடுத்துப் போங்கள். போக முடியாதவர்கள் 1800-180-1551 என்ற கட்டணமில்லா உழவர் அழைப்பு மையத்தில் தமிழிலேயே கேட்கலாம்.