உங்களுக்குத் தெரியுமா? சதுரங்க யந்திரமும் பத்து வருஷப் பந்தயமும்

பத்து வருஷங்களுக்குள் கணிப்பொறி ஒன்று சதுரங்கத்தில் உலக சாம்பியனாகிவிடும் என்று 1957-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் ஆரூடம் கூறினார். அந்த அவகாசம் கழிந்தும் அது பலிக்காதிருந்த 1968-இல், ஸ்காட்லாந்து சாம்பியன் டேவிட் லெவி, மேலும் பத்து வருஷங்களுக்கு எந்த யந்திரமும் தம்மை ஜயிக்க முடியாதென்று, ஜான் மெக்கார்த்தி முதலிய விஞ்ஞானிகளோடு துணிந்து பந்தயம் கட்டினார்.

1978-இல் டொரான்டோ நகரில் ‘செஸ் 4.7’ என்ற யந்திர ஆட்டக்காரனை எதிர்த்து அவர் கையாண்ட உபாயம் அதிசூக்ஷ்மமானது. காய்கள் நேருக்கு நேர் மோதும் இடங்களில் யந்திரத்தின் கணக்குப் பிசகாது. ஆனால் தாக்குவதற்கு இலக்கே இல்லாத அமைதியான நிலையில் நீண்டகாலத் திட்டம் வகுக்க அதற்குத் தெரியாது என்பதை உணர்ந்து, அவசரமின்றிக் காய் நகர்த்தி, அது தானாகவே தன் நிலையைக் கெடுத்துக்கொள்ளும்வரை பொறுத்திருந்தார். நான்காம் ஆட்டத்தில் மட்டும் அதன் வழியிலேயே சாகசம் புரிய முற்பட்டுத் தோற்றார். ஆயினும் 3½–1½ என்ற கணக்கில் பந்தயம் அவருக்கே! யந்திரத்தின் பலவீனத்தை இவ்வளவு தெளிவாக அறிந்து ஆடியவர் அக்காலத்தில் வேறு எவர் இருந்தார்?

எனினும் 1989-இல் அதே லெவியை ‘டீப் தாட்’ என்ற யந்திரம் 4–0 என்று வீழ்த்தியது. 1996-இல் ‘டீப் ப்ளூ’ என்ற யந்திரத்தை 4–2 என்று வென்ற உலக சாம்பியன் காஸ்பரோவ், மறுவருஷம் நியூயார்க்கில், வினாடிக்கு இருபது கோடி நிலைகளைப் பரிசீலிக்கவல்ல அதனிடமே 3½–2½ என்று தோற்றார்; குதிரையைப் பலியிட்டு அது தாக்கிய கடைசி ஆட்டம் பத்தொன்பதே நகர்த்தல்களில் முடிந்துபோயிற்று.