புண் ஆற்றும் சிவப்பு ஒளி

கபடி ஆடும்போது விழுந்து முழங்காலில் சிராய்த்துக்கொண்டால் என்ன ஆகிறது? முதலில் ரத்தம் கசியும். சிறிது நேரத்தில் உறையும். மறுநாள் சுற்றிலும் சிவந்து வீங்கும். பிறகு பொருக்குத் தட்டும். அது உதிர்ந்தால் அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல்! (பொருக்கை நகத்தால் பிய்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது கூரை. கூரைக்குக் கீழே வேலை நடந்துகொண்டிருக்கிறது.)

எங்கள் விக்கிரமங்கலத்திலிருந்து ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் போனால் முந்திரித் தோப்புகளைப் பார்க்கலாம். முந்திரிக் கொட்டை ஓட்டில் உள்ள எண்ணெய் கையில் பட்டால் தோல் வெந்து கறுத்துவிடும். அந்தத் தோலும் உரிந்து, புதிய தோல் வந்துவிடுகிறது. யார் அதை நெய்து தருகிறார்கள்?

நம் உடலின் செல்கள்தான். அவற்றில் ஒரு வகை, கொலாஜன் என்ற புரத நாரை உண்டாக்கிப் பள்ளத்தை நிரப்புகிறது. மற்றொரு வகை ஓரத்திலிருந்து நகர்ந்து வந்து மேலே மூடுகிறது. இந்த வேலைக்கெல்லாம் சக்தி வேண்டாமா? இந்தச் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்னும் மிகச் சிறிய அடுப்புகள் உண்டு. நாம் உண்ட சோற்றின் சத்தையும் சுவாசித்த ஆக்சிஜனையும் கொண்டு ஏ.டி.பி. என்ற எரிபொருளை அவை தயாரிக்கின்றன.

வெளிச்சத்தைக் காட்டினால் இந்த அடுப்பு நன்றாக எரியுமா? வேடிக்கையான கேள்வி, இல்லையா? இதற்கு விடை தற்செயலாகத்தான் கிடைத்தது.

1960 மே 16 அன்று அமெரிக்க விஞ்ஞானி தியோடர் மைமன், செயற்கை மாணிக்கக் கல்லைக் கொண்டு உலகின் முதல் லேசர் கருவியை இயக்கிக் காட்டினார். டார்ச் வெளிச்சம் பள்ளி விட்டதும் ஓடிவரும் பிள்ளைகளைப் போல. பல நிறம், பல திசை. லேசர் ஒளியோ சுதந்திர தின அணிவகுப்பு. ஒரே நிறம், ஒரே திசை, ஒரே கால்வீச்சு!

ஏழு ஆண்டுகள் கழித்து, 1967-ல், ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் எந்த்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், லேசர் ஒளி உயிர்களை என்ன செய்கிறது என்று சுண்டெலிகளை வைத்துச் சோதித்தார். முதுகு முடியைச் சிரைத்துவிட்டு, சில எலிகளுக்கு மட்டும் வலுக்குறைந்த லேசர் ஒளியைக் காட்டினார். கெடுதல் ஏதும் தெரியவில்லை. மாறாக, ஒளி பட்ட எலிகளுக்கு முடி சீக்கிரம் முளைத்துவிட்டது! வியந்துபோன மெஸ்டர் காயங்களிலும் இதைச் சோதித்தார். பின்னர், ஆறாத கால் புண்ணோடு வந்த நோயாளிகளுக்கும் இந்த ஒளியைக் கொடுத்துப் பார்த்தார்.

அறுவைச் சிகிச்சை லேசர் சதையை வெட்டும். இது அப்படியல்ல, சூடுகூடத் தெரியாது. சிவப்பு ஒளியையும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு நொதி உறிஞ்சிக்கொள்கிறது, அதனால் ஏ.டி.பி. கூடுதலாகக் கிடைத்து, செல்கள் சுறுசுறுப்பாகின்றன என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

நம் நாட்டில் நடந்த ஒரு சோதனையைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். தலை, கழுத்துப் பகுதியில் புற்றுநோய் வந்தவர்களுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சையும் மருந்தும் கொடுப்பார்கள். அது நோயைக் கொல்லும்போது வாயின் மென்மையான தோலையும் புண்ணாக்கிவிடும். தண்ணீர் விழுங்கினாலும் உயிர் போகும் வலி. கஞ்சிகூட இறங்காது. உடல் மெலிந்து, சிலருக்குச் சிகிச்சையையே பாதியில் நிறுத்தும்படி ஆகிவிடும். நிறுத்தினால் நோய் ஜெயித்துவிடுமே! நம் ஊர்த் திண்ணைகளில் புகையிலை போடும் தாத்தா பாட்டிகளுக்கு வாய்ப் புற்றுநோய் வருவது உண்டு என்பதால், இது நமக்குத் தூரத்துக் கதையல்ல.

கர்நாடக மாநிலம் மணிப்பாலில் உள்ள மருத்துவர்களும் பிசியோதெரபி ஆசிரியர்களும் இத்தகைய 221 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஹீலியம்-நியான் லேசரின் சிவப்பு ஒளியை வாய்க்குள் காட்டினார்கள். அதன் வலு வெறும் 24 மில்லிவாட். அதாவது ஒரு வாட்டில் சுமார் 40-ல் ஒரு பங்கு! இன்னொரு பிரிவினருக்குக் கருவியை வைத்தார்கள், ஆனால் ஒளி கொடுக்கவில்லை. யாருக்கு ஒளி கிடைத்தது என்பது நோயாளிக்கும் தெரியாது. புண்ணைப் பார்த்து மதிப்பெண் போட்டவருக்கும் தெரியாது. பரீட்சைத் தாளில் பெயர் தெரியாமல் திருத்துவது போல. ஆசை காரணமாகக்கூட விடை தவறிவிடக் கூடாது அல்லவா? எனக்கு இந்தச் சோதனையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

2012-ல் முடிவு வெளியாயிற்று. லேசர் பெற்றவர்களுக்குக் கடுமையான புண் குறைவாகவே வந்தது. வலியும் குறைவு, விழுங்குவதும் எளிது, வலி மாத்திரையும் குறைவாகவே தேவைப்பட்டது. இப்படிப்பட்ட பல சோதனைகளைப் பார்த்த பிறகு, புற்றுநோய்ச் சிகிச்சையில் வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க இந்த ஒளியைப் பயன்படுத்தலாம் என்று 2020-ல் வெளிவந்த சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல் பரிந்துரைத்தது.

"அப்படியானால் திருவிழாக் கடையில் விற்கும் லேசர் விளக்கைக் காயத்தில் அடிக்கலாமா சார்?" என்று ஒரு பையன் கேட்பான், எனக்குத் தெரியும். கூடாது தம்பி! கண்ணுக்குள் பட்டால் விழித்திரை வெந்துபோகும். அங்கே வலி தெரியாததால் பார்வை கெட்டது உடனே புரியவும் புரியாது. மருத்துவமனையிலேயே நோயாளியும் மருத்துவரும் அதற்கென்று உள்ள கண்ணாடி அணிந்துகொள்கிறார்கள். இன்னொன்று: ஒளியின் அளவு கூடிப்போனால் புண் ஆறுவது தாமதப்படவும் செய்கிறது. நாற்றுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது போலத்தான். குறைந்தாலும் ஆகாது, தேங்கினாலும் ஆகாது.

சர்க்கரை நோயாளிகளின் காலில் வரும் ஆறாத புண்ணுக்கும் இந்த ஒளியைப் பல நாடுகளில் சோதித்து வருகிறார்கள். சில சோதனைகளில் நல்ல பலன் தெரிகிறது. ஆனாலும் வாய்ப்புண் விஷயத்தில் சொன்னது போல் உறுதியாக இன்னும் சொல்லிவிட முடியாது. அங்கே புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போடுவதும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும், காலில் பாரம் விழாமல் பார்த்துக்கொள்வதும்தான் முதல் வைத்தியம். ஒளி அதற்கு அடுத்த வரிசையில் நிற்கிறது.