பசுமைப் பட்டாசுத் தொழில்நுட்பமும் வெம்பக்கோட்டைத் தொழிலாளர் பாதுகாப்பும்

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசுகளில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்தத் தடை விதித்தது. பேரியம் நைட்ரேட் பச்சை ஒளியைத் தருவதோடு, ஆக்சிசனை வழங்கி மருந்தை எரியச் செய்வதுமாகும். ஆதலால் வெம்பக்கோட்டை வட்டாரத் தொழிலகங்கள் மாற்றுக் கலவையை நாட வேண்டியதாயிற்று. நடுவண் அரசின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் (நீரி), துகள் மாசினை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைக்கும் பசுமைப் பட்டாசுக் கலவைகளை உருவாக்கி, உடன்படிக்கை வழியே உற்பத்தியாளர்களுக்கு வழங்கியது.

எனினும் இவ்வுதவி கலவையை மாற்றியதேயன்றி உற்பத்தி முறையை மாற்றவில்லை. மருந்து கலத்தலும் செலுத்துதலும் பெரிதும் கைவேலையாகவே தொடர்கின்றன; உராய்வால் வெடிக்கும் இடர் தொழிலாளரையே சார்ந்து நிற்கிறது. 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் பலர் உயிரிழந்த வெடிவிபத்து அவ்விடரின் அளவைக் காட்டும். ஆகவே காற்றின் தூய்மைக்கு அளிக்கப்பட்ட ஆய்வு ஆதரவு, கலவை அறையின் இயந்திரமயத்திற்கும் நீளுதல் இன்றியமையாததாகும்.