வேட்டையாடிக் காக்க முடியுமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

கொள்ளிடக் கரையில் இருக்கிறது எங்கள் ஊர். சென்ற கோடை விடுமுறையில், மடுவில் தண்ணீர் குடிக்க இறங்கிய எங்கள் ஆடு ஒன்றை முதலை இழுத்துச் சென்றுவிட்டது. வீட்டில் இருந்தவை நான்கே ஆடுகள். அவற்றுள் ஒன்றை விற்றுத்தான் என் தேர்வுக் கட்டணம் கட்டுவது வழக்கம். ஆயா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அன்றிரவு திண்ணையில் படுத்திருந்தபோது, கல்லூரி நூலகத்தில் படித்த செய்தி ஒன்றை அப்பாவிடம் சொன்னேன். "அமெரிக்காவிலே லூசியானான்னு ஒரு மாநிலம் இருக்குப்பா. அங்கே வருஷா வருஷம் முதலை வேட்டைக்கு அரசாங்கமே அனுமதி கொடுக்குது. அப்படியும் முதலை குறையல, பெருகியிருக்கு."

அப்பா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சுடவும் சொல்றாங்க, பெருகவும் பெருகுதுங்கறே. அது எப்படிடா தம்பி?" என்றார்.

எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அப்பாவின் கேள்வி, எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆளான என்னைத் திணற வைத்துவிட்டது. அவருக்குச் சொல்ல வேண்டிய விடையைத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

அலிகேட்டர் என்பது எது?

லூசியானாவில் வேட்டையாடப்படுவது நம் ஊர் முதலை அன்று. அதன் உறவினமாகிய அலிகேட்டர். 'பல்லி' என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது இப்பெயர். நம் சதுப்பு நில முதலையும் பார்வைக்கு ஏறத்தாழ இதைப் போன்றதே. ஆனால் வாயை மூடியிருக்கும்போது கீழ்த்தாடையின் நான்காவது பல் வெளியே தெரிந்தால் அது முதலை; மேல்தாடைக்குள் மறைந்திருந்தால் அது அலிகேட்டர். உலகில் அலிகேட்டர் இனங்கள் இரண்டே. ஒன்று சீனாவில் வாழ்வது. இன்று மிக அருகிவிட்டது. மற்றொன்று அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் வாழும் அலிகேட்டர் மிஸ்ஸிஸ்ஸிப்பியென்சிஸ்.

சதுப்பு நிலத்தில் இதற்கு ஒரு பெரும் பணி உண்டு. கோடையில் நீர் வற்றும்போது அலிகேட்டர் சேற்றைத் தோண்டிக் குழி பறித்துக்கொள்கிறது. அக்குழியில் தேங்கும் நீரில் மீனும் ஆமையும் உயிர் பிழைக்கின்றன. அவற்றை நம்பிப் பறவைகள் வருகின்றன. அலிகேட்டர் அழிந்தால் இந்தக் கோடைக் குளங்களும் இல்லாமற் போகும்.

அழிவின் விளிம்பில்

அலிகேட்டர் வயிற்றுத் தோல் வழவழப்பானது, உறுதியானது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது காலணிக்கும் குதிரைச் சேணத்துக்கும் அத்தோல் தேவைப்பட்டது. பின்னர் கைப்பை, இடைவார், பணப்பை என்று நாகரிகப் பொருள்களுக்கு அதன் தேவை வளர்ந்துகொண்டே போயிற்று. கணக்கும் இல்லை, காலவரையறையும் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் மின்னும் கண்களைக் குறி வைத்து இரவெல்லாம் சுட்டார்கள். 1960-களில் லூசியானாவில் எஞ்சியவை ஒரு லட்சத்துக்கும் குறைவு என்று மதிப்பிட்டனர்.

1962-இல் லூசியானா அரசு வேட்டையை அறவே தடை செய்தது. 1967-இல் மத்திய அரசு அலிகேட்டரை அழியும் நிலையிலுள்ள உயிரினப் பட்டியலில் சேர்த்தது. ஆயினும் திருட்டு வேட்டை நிற்கவில்லை. ஒரு மாநிலத்தில் திருடிய தோலை அடுத்த மாநிலத்தில் விற்க முடிந்ததே காரணம். 1969-இல் லேசி சட்டம் திருத்தப்பட்டு, சட்டவிரோதமாகப் பிடித்த ஊர்வனவற்றை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு செல்வது குற்றமாக்கப்பட்டது. வாங்க ஆளில்லாமற் போகவே திருட்டும் தளர்ந்தது.

இந்தத் தடைக்காலம் வீணே கழியவில்லை. ராக்ஃபெல்லர் வனவிலங்குப் புகலிடத்தில் டெட் ஜோனன், லாரி மெக்னீஸ் முதலிய ஆராய்ச்சியாளர்கள் சேற்றிலும் கொசுக்கடியிலும் அலைந்து அலிகேட்டரின் வாழ்க்கையை ஆராய்ந்தனர். எத்தனை முட்டை இடுகிறது, எப்போது பொரிக்கிறது, ஆண் எங்கே திரிகிறது, பெண் எங்கே தங்குகிறது என்பனவற்றையெல்லாம் குறித்து வைத்தனர். பின்னால் வந்த வேட்டைத் திட்டத்துக்கு இக்குறிப்புகளே அடித்தளம்.

விலங்கியல் மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அலிகேட்டர் முட்டையில் ஆண், பெண் என்பதைத் தீர்மானிப்பது குரோமோசோம் அன்று, கூட்டின் வெப்பம். 30 டிகிரி செல்சியஸும் அதற்குக் கீழும் என்றால் பெண்; 34 டிகிரி என்றால் ஆண். ஃபெர்குசன், ஜோனன் இருவரும் 1982-இல் இதை வெளியிட்டனர். மேட்டுக் கரையில் கட்டிய வெப்பமான கூடுகளில் ஆணும், ஈரமான சதுப்பில் கட்டிய கூடுகளில் பெண்ணும் மிகுதியாகப் பொரிக்கின்றன. சதுப்பு நிலத்தைக் காப்பதன் தேவைக்கு இதுவும் ஒரு சான்று.

வேட்டை நடக்கும் விதம்

பத்தாண்டுத் தடைக்குப் பின், 1972 செப்டம்பரில், கேமரன் என்ற ஒரே ஒரு மாவட்டத்தில் மட்டும் சோதனையாக வேட்டை திறக்கப்பட்டது. அவ்வாண்டு பிடிபட்டவை 1,350 அலிகேட்டர்கள். அதன் விளைவைப் பார்த்துப் பார்த்துத்தான் பிற பகுதிகளுக்கு விரித்தார்கள். மாநிலம் முழுவதற்கும் வேட்டை வந்தது 1981-இல். அவசரப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

வேட்டைக்கான விதிகளைப் பார்ப்போம்.

முதலாவது, எண்ணிக்கை. கோடையில் பெண் அலிகேட்டர் புல்லையும் நாணலையும் குவித்து மேடு கட்டி முட்டையிடுகிறது. அந்நாட்களில் ஹெலிகாப்டரில் தாழப் பறந்து கூடுகளை எண்ணுகிறார்கள். கூடுகளின் கணக்கிலிருந்து, எந்தச் சதுப்பில் எத்தனை அலிகேட்டர் இருக்கும், அவற்றில் எத்தனையைப் பிடித்தால் இனம் குறையாது என்று கணக்கிடுகிறார்கள்.

இரண்டாவது, அடையாள வில்லை. நிலத்தின் பரப்புக்கும் தரத்துக்கும் ஏற்ப, நில உரிமையாளருக்கோ அவர் அனுமதி பெற்ற வேட்டைக்காரருக்கோ இத்தனை வில்லைகள் என்று அரசு வழங்குகிறது. ஒரு வில்லைக்கு ஓர் அலிகேட்டர். கொன்றவுடனே வாலில் அதைக் கோத்துவிட வேண்டும். வில்லை இல்லாத தோலை விற்பது குற்றம், வாங்குவதும் குற்றம். தோல் வெளிநாட்டுக்குப் போனாலும் வில்லையும் உடன் போகும். நம் ரேஷன் கடையில் அட்டை இல்லாமல் அரிசி இல்லை என்பது போலத்தான் இதுவும்.

மூன்றாவது, காலம். வேட்டைப் பருவம் செப்டம்பரை ஒட்டி வருகிறது. அப்போது முட்டையிட்ட பெண்கள் கூட்டையும் குஞ்சுகளையும் காத்துக்கொண்டு சதுப்பின் உட்பகுதியில் இருக்கும். வேட்டைக்காரன் படகு செல்லும் வாய்க்கால்களில் திரிபவை பெரும்பாலும் ஆண்களே. நாட்காட்டியில் தேதியைக் குறித்ததாலேயே தாய்கள் தப்பித்துவிடுகின்றன. தடைக்கால ஆராய்ச்சியின் பயன் இங்கேதான் விளங்குகிறது.

நான்காவது, முறை. சூரியன் உதித்த பின்னும் மறையும் முன்னும் மட்டுமே பிடிக்கலாம். பெரிய தூண்டில் முள்ளில் கோழி இறைச்சியைக் கோத்து, நீர்மட்டத்துக்கு மேலே கழியில் தொங்கவிடுகிறார்கள். உயரத்தில் தொங்கும் இரையைச் சிறியவை எட்ட முடியாது. மாட்டியதை வேட்டைக்காரன் துப்பாக்கியால் சுட்டு, வில்லையைப் பூட்டிப் படகில் ஏற்றுகிறான்.

யாருக்கு என்ன லாபம்?

லூசியானாவின் கடலோரச் சதுப்பு நிலங்களில் பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தமானது. அங்கே காவலர்களை நிறுத்தி மட்டும் அலிகேட்டரைக் காத்துவிட முடியாது. நிலத்துக்காரர் நினைத்தால் சதுப்பை வடித்து வேறு வேலைக்குப் பயன்படுத்தலாம். அலிகேட்டரால் அவருக்கு வருமானம் வந்தால் கரையைப் பழுது பார்ப்பார். உப்பு நீர் ஏறாமல் மதகை அடைப்பார். திருட வருபவனை அவரே விரட்டுவார். வேட்டைத் திட்டத்தின் உயிர்நிலை இதுதான்.

1986-இல் மற்றொரு வழியும் சேர்ந்தது. நில உரிமையாளர் அரசு அனுமதியுடன் கூடுகளிலிருந்து முட்டைகளை எடுத்துப் பண்ணைக்காரருக்கு விற்கலாம். பண்ணைக்காரர் குஞ்சு பொரித்து வளர்த்து, ஒரு பங்கை ஏறத்தாழ 4 அடி நீளம் வந்ததும் அதே சதுப்பில் கொண்டுபோய் விட வேண்டும். தொடக்கத்தில் அப்பங்கு 17 சதவீதம், பின்னாளில் குறைக்கப்பட்டது. இயற்கையில் பிறக்கும் குஞ்சுகளில் பெரும்பாலானவை நாரைக்கும் ரக்கூனுக்கும் பெரிய அலிகேட்டருக்கும் இரையாகிவிடும். 4 அடி வளர்ந்ததைத் தின்ன அதிகப் பகைவர் இல்லை. எனவே எடுத்த முட்டைக்கு ஈடு கிடைத்துவிடுகிறது.

விளைவு என்ன? 1987-இல் அமெரிக்க அரசு அலிகேட்டர் இனம் முழுமையாக மீண்டுவிட்டது என்று அறிவித்தது. 1972 முதல் இதுவரை லூசியானாவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட காட்டு அலிகேட்டர்கள் வேட்டையாடப்பட்டுள்ளன. அப்படியும் இன்று அங்கே 20 லட்சத்துக்கும் மேல் வாழ்கின்றன என்று மாநில வனவிலங்குத் துறை மதிப்பிடுகிறது.

மறுபக்கம்

ஒரு பக்கத்தை மட்டும் காட்டுவது நேர்மையாகாது. மறுப்போரின் வாதங்களிலும் உண்மை உண்டு.

அலிகேட்டரை மீட்டது வேட்டை என்று சிலர் சொல்வர். அது பாதி உண்மை. முதலில் மீட்டது தடை. பத்தாண்டுகள் கை வைக்காமல் இருந்த பின்னரே வேட்டைக்கு இடமிருந்தது. மீண்டதை நிலைநிறுத்தியதே வேட்டையின் பங்கு.

அடுத்தது, வருமானம் நாகரிகத்தின் கையில் இருக்கிறது. தொலைதூர நகரங்களில் கைப்பையின் மோகம் குறைந்தால் சதுப்பு நிலத்தில் தோலின் விலை விழுகிறது. விலை விழுந்தால் நில உரிமையாளரின் அக்கறையும் விழக்கூடும்.

மேலும், வேட்டைப் பணத்தால் எல்லாவற்றையும் காத்துவிட முடியாது. 1932 முதல் 2016 வரை லூசியானா ஏறத்தாழ 4,800 சதுர கிலோமீட்டர் கடலோர நிலத்தை இழந்திருக்கிறது. மிஸ்ஸிஸ்ஸிப்பி ஆற்றுக்குக் கட்டிய கரைகளால் வண்டல் வருவது நின்றதும், எண்ணெய்க்காக வெட்டிய கால்வாய்களும், உயரும் கடலும் காரணம். தோல் விற்ற காசு இதை நிறுத்தாது; சற்றுத் தாமதப்படுத்த உதவலாம்.

தூண்டிலில் மாட்டிய உயிரின் வேதனையையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. எண்ணிக்கை கூடிவிட்டது என்பது அந்த ஓர் உயிருக்கு ஆறுதல் ஆகாது.

நமக்கு இதில் பாடம் உண்டா?

கேமரனில் வேட்டை திறந்த அதே 1972-இல்தான் நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து முதலை வேட்டையைத் தடை செய்தது. 1975-இல் முதலைப் பாதுகாப்புத் திட்டமும், 1976-இல் சென்னையை அடுத்த வடநெம்மேலியில் முதலைப் பண்ணையும் தோன்றின. அங்கே திறந்ததும் இங்கே மூடியதும் முரணல்ல. அவர்கள் பத்தாண்டுக்கு முன் செய்ததை நாம் அன்று செய்தோம்.

அதற்காக, இன்று நாமும் வேட்டையைத் திறக்க வேண்டும் என்று சொல்ல நான் வரவில்லை. கொள்ளிடம் லூசியானா அன்று. இங்கே ஆறும் வாய்க்காலும் பொதுச் சொத்து. முதலைகளின் எண்ணிக்கையும் அவ்வளவு இல்லை. வில்லை கொடுக்க நிலத்துக்காரரும் இல்லை, எடுக்க மிச்சமும் இல்லை.

ஆனால் கொல்லாமலே பயன் பெறும் வழி ஒன்றை நம் மண்ணிலேயே காணலாம். பாம்புத் தோல் வாணிகம் தடை செய்யப்பட்டபின் பிழைப்பிழந்த இருளர்களுக்காக, 1978-இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை அரசு அனுமதித்த எண்ணிக்கைக்குள் பிடித்து, நஞ்செடுத்து, அடையாளமிட்டு, மீண்டும் காட்டிலே விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடி மருந்துக்கு நஞ்சு கிடைக்கிறது; பாம்பும் பிழைக்கிறது; பாம்பை அறிந்தவனும் பிழைக்கிறான். கணக்கு, வரம்பு, அடையாளம், விலங்கோடு வாழ்பவனுக்கு ஒரு பங்கு. லூசியானாவில் கண்ட நான்கும் இங்கேயும் இருப்பதைக் காண்கிறோம்.

இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் விடையைச் சொன்னேன். "மொதல்ல பத்து வருஷம் தொடவே இல்லப்பா. அப்புறம் எண்ணிப் பார்த்து, மிச்சத்தை மட்டும் எடுத்தாங்க. எடுத்ததுல அந்த ஊர்க்காரங்களுக்கும் பங்கு கொடுத்தாங்க."

அப்பா தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். பிறகு, "எண்றது சரிடா. நம்ம ஆட்டையும் யாராச்சும் எண்ணணுமில்ல?" என்றார்.

முதலையைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதோடு, முதலையின் பசிக்கு யார் வீட்டு ஆடு போகிறது என்ற கணக்கும் பாதுகாப்பு ஏட்டில் இடம்பெற வேண்டும். ஆற்றங்கரையில் வாழ்பவனுக்கு நட்டம் மட்டுமே பங்காக வரும் வரை, அவனை முதலைக்குக் காவலாக இருக்கச் சொல்வது எளிதன்று. விலங்கியல் படித்து வெளியே போகும் நம்மில் சிலராவது இந்தக் கணக்கையும் சேர்த்து எழுதுவோமாக.